பன்னிரண்டு லட்சம் கேட்பதற்கு முன்னால்

கேள்வி:

அக்கா, வணக்கம். நான் திண்டுக்கல் பக்கம். 2011-இல் கல்லூரி முடித்த கையோடு இரண்டு நண்பர்களுடன் சேர்ந்து சிறிய தர்ம மருத்துவமனைகளுக்காக ஒரு கட்டற்ற மென்பொருள் (யாரும் இலவசமாக எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடியது) எழுதினேன். ஓ.பி. சீட்டு, நோயாளிப் பதிவு, மருந்து இருப்பு, பில், அவ்வளவுதான். இன்று 23 இடங்களில் ஓடுகிறது. பைதான் 2 மொழியிலும், திரைகளை வரையும் பைஜிடிகே நூலகத்திலும் எழுதியது, சுமார் 14,000 வரி. புதிய உபுண்டு இயங்குதளத்தில் ஏற மறுக்கிறது. பழைய கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாகப் போகும்போது பயமாக இருக்கிறது. நண்பர்களில் ஒருவர் கனடாவில் இருக்கிறார், இன்னொருவருக்கு நேரமில்லை. நான் ஒருவன்தான் பார்த்துக்கொள்கிறேன். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு வெப் அப்ளிகேஷனாகப் புதிதாக எழுத ஒரு வருஷம் ஆகும். வேலையை விட்டுவிட்டு, பொதுவில் நிதி திரட்டி 12 லட்சம் சேர்த்துச் செய்யலாம் என்று நினைக்கிறேன். கனடா நண்பர் அங்கே திரட்டித் தருகிறேன் என்கிறார். மனைவிக்கு இது ஐந்தாவது மாதம். செய்யலாமா? நிதியை எப்படித் திரட்டுவது? எழுதி முடித்த பிறகு இதை யார் காப்பாற்றுவது?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு விடை கிடைத்தால்தான் மற்ற இரண்டுக்கும் விடை சொல்ல முடியும். புதிதாக ஒன்றைக் கட்டப் பணம் கொடுக்க ஆட்கள் கிடைப்பார்கள். கட்டியதை வருஷா வருஷம் வெள்ளையடித்து, ஒழுகும் ஓட்டை மாற்றப் பணம் கொடுப்பவர்கள் கிடைப்பது அரிது. நம் ஊரில் கோயில் கும்பாபிஷேகத்துக்குக் குவியும் நன்கொடையையும் தினசரி விளக்கெண்ணெய்க்கு வரும் நன்கொடையையும் பார்த்திருப்பீர்கள். ஓபன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளின் மேல்தான் உலகத்து வலைத்தளங்களில் பெரும்பகுதியின் பாதுகாப்பு நின்றுகொண்டிருந்தது. 2014 ஏப்ரலில் அதில் ஹார்ட்பிளீட் என்ற பெரிய ஓட்டை வெளிவந்தபோதுதான், அந்தத் திட்டத்துக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை வருஷத்துக்குச் சுமார் 2,000 டாலர் என்பது பலருக்கும் தெரிந்தது. அவ்வளவு பெரிய மென்பொருளுக்கே அந்த நிலை என்றால், 23 மருத்துவமனைகளில் ஓடும் உங்களுடையதற்குப் பராமரிப்புப் பணம் தானாக வந்து சேராது. அதை இப்போதே, ஒரு வரிகூடப் புதிதாக எழுதுவதற்கு முன்பே, தேட வேண்டும்.

வேலையை விடும் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். விடாதீர்கள். குறைந்தபட்சம் குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆகும்வரை விடாதீர்கள். சம்பளம் ஒரு பக்கம் இருக்கட்டும், உங்கள் கம்பெனியின் குரூப் இன்சூரன்ஸில் பிரசவச் செலவு சேர்ந்திருக்கிறதா என்று இன்றைக்கே எச்.ஆரிடம் கேளுங்கள். பெரும்பாலும் இருக்கும். ராஜினாமா கொடுத்துக் கடைசி வேலை நாள் முடிந்ததும் அது போய்விடும். வெளியில் புதிதாக பாலிசி எடுத்தால் பிரசவத்துக்குக் காத்திருப்புக் காலம் போடுவார்கள், அது பெரும்பாலும் வருஷக்கணக்கில் இருக்கும். இதைத் தெரியாமல் மாட்டிக்கொண்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

சரி, இப்போது 'எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக' என்ற வார்த்தைக்கு வருவோம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சிறிய குழுவில் இருந்தேன். பால் கூட்டுறவுச் சங்கங்களுக்கான கணக்கு மென்பொருள். ஃபாக்ஸ்ப்ரோவில் யாரோ எழுதியது. கறுப்புத் திரை, ஒழுங்கில்லாத நிரல், ஒரே கோப்பில் ஆயிரக்கணக்கான வரி. அதைப் பார்க்கவே எங்களுக்குப் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் புதிதாக எழுத 16 மாதம் ஆனது. அந்த 16 மாதமும் பழையதில் ஒரு பிழையையும் நாங்கள் சரிசெய்யவில்லை, 'புதுசு வந்துடும்' என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். முதல் சங்கத்தில் புதியதை ஓடவிட்ட காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஐந்தரை மணி. இருட்டு விலகவில்லை. கேன் வரிசை வாசல்வரை நிற்கிறது. நாலாவதாகப் பால் ஊற்றிய அம்மா சீட்டை வாங்கி விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்துவிட்டு, "நேத்தும் இதே டிகிரி, இதே பேட்டு. இன்னிக்கு மட்டும் ஏன் லிட்டருக்குப் பத்துப் பைசா கம்மி?" என்றார். டிகிரி என்றால் பாலின் அடர்த்தி, பேட்டு என்றால் கொழுப்பு. வரிசையில் இருந்த எல்லோரும் தங்கள் சீட்டைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஆறேகாலுக்குச் செயலாளர் எங்கள் கம்ப்யூட்டரை ஓரமாக நகர்த்திவிட்டுப் பழையதைத் திரும்பப் போட்டார்.

காரணம் என்ன தெரியுமா? பழைய நிரலில் ஒரு வரி இருந்தது. கொழுப்பல்லாத திடப்பொருளைக் கணக்கிட்டு வரும் எண்ணை, விலைப் பட்டியலில் தேடுவதற்கு முன்னால், மேல்பக்கமாக முழுதாக்கிவிடும். எங்களுக்கு அது தவறாகத் தெரிந்ததால் 'சரியான' முறையில் எழுதிவிட்டோம். பல வருஷத்துக்கு முன்னால் சங்கத்தின் பொதுக்குழுவில் சண்டை போட்டு, பால் ஊற்றுபவருக்குச் சாதகமாக இருக்கட்டும் என்று தீர்மானம் போட்டு வைத்த வரி அது. நிரலுக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பும் கிடையாது. தீர்மானப் புத்தகத்தில் இருந்தது, நாங்கள் அதைப் போய்ப் பார்க்கவில்லை.

உங்கள் 14,000 வரியிலும் இப்படி எத்தனை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பத்து மாத்திரை அட்டையில் நாலு மட்டும் வெட்டிக் கொடுத்தால் மீதி ஆறை இருப்பில் எப்படிக் காட்டுவது, இலவச நோயாளிக்குக் கொடுத்த மருந்தை எந்தக் கணக்கில் எழுதுவது, ஒரே பெயரில் ஒரே கிராமத்திலிருந்து வரும் மூன்று பேரை எப்படிப் பிரிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு நாள் ஒரு மருந்தாளுநர் உங்களுக்குப் போன் பண்ணியிருப்பார், நீங்கள் ஒரு வரி சேர்த்திருப்பீர்கள். அந்தப் போன்கள் எல்லாம் சேர்ந்ததுதான் உங்கள் மென்பொருள். வெள்ளைத் தாளில் தொடங்கினால் அந்தப் போன்கள் எல்லாம் மறுபடி வரும், இந்த முறை கோபமாக வரும்.

எனவே என் ஆலோசனை: முழுசாகத் திரும்ப எழுதுங்கள், ஆனால் பழையது ஒரு நாள்கூட நிற்காமல், துண்டு துண்டாக எழுதுங்கள். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. லினக்ஸின் க்னோம் திரைச்சூழல் பயன்படுத்தும், படங்களை வரைந்துதரும் லிப்ஆர்எஸ்விஜி என்ற நிரல் நூலகத்தை ஃபெடெரிகோ மேனா கின்டேரோ 2016 கடைசியில் சி மொழியிலிருந்து ரஸ்ட்டுக்கு மாற்றத் தொடங்கினார். ஒரு ஃபங்ஷன், அப்புறம் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. அதைப் பயன்படுத்திய மற்ற மென்பொருள்கள் எதையும் மாற்றிக்கொள்ளத் தேவைப்படவில்லை. கட்டளைகளைத் தட்டச்சு செய்து கம்ப்யூட்டரை இயக்க உதவும் ஃபிஷ் ஷெல்லும் அதே வழிதான். 2023 தொடக்கத்தில் சி++-இலிருந்து ரஸ்ட்டுக்கு மாற்றும் வேலையை ஆரம்பித்தார்கள். நடுவில் பாதி இது, பாதி அது என்று இருந்த காலத்திலும் அது ஓடிக்கொண்டே இருந்தது. 2025 பிப்ரவரியில் 4.0 வெளிவந்தபோது பயனர்களில் பலருக்கு உள்ளே ஒரு மொழியே மாறியிருக்கிறது என்பது தெரியவில்லை. நல்ல மறுஎழுத்துக்கு நான் வைக்கும் அளவுகோல் அதுதான்.

உங்கள் விஷயத்தில் முதல் துண்டு தெளிவாகவே தெரிகிறது. பைதான் 2-க்கு 2020 ஜனவரி 1-உடன் ஆதரவு முடிந்தது. பைஜிடிகே அதற்கும் முன்பே கைவிடப்பட்டது. உங்களை இப்போது நெருக்கும் ஆபத்து இந்த இரண்டும்தான். திரை பழைய தினுசில் இருப்பது ஆபத்தில் சேராது. ஆகவே முதலில் பைதான் 3-க்கும், பைஜிடிகேயின் இடத்தில் வந்த பைஜிஆப்ஜெக்ட்டுக்கும் மாற்றுங்கள். பெயர் மாற்றங்களில் பெரும்பகுதியைச் செய்துதரும் மாற்று ஸ்கிரிப்ட் பைஜிஆப்ஜெக்ட்டுடனேயே வருகிறது. எழுத்துக் குறியாக்கத்தில்தான் தமிழ்ப் பெயர்கள் உங்களைப் படுத்தும், அதற்கு நேரம் ஒதுக்கி வையுங்கள். அதே திரைகள், அதே டேட்டாபேஸ், அதே எஃப் 4. மருந்து கொடுக்கும் பெண் விசைப்பலகையைப் பார்க்காமலே அழுத்தும் அந்த எஃப் 4-ஐ மாற்றிவிடாதீர்கள். இதற்கு வார இறுதிகளில் உட்கார்ந்தால் நாலைந்து மாதம் ஆகும் என்பது என் கணிப்பு. இது முடிந்தாலே புதிய கம்ப்யூட்டர் வாங்கினாலும் உங்கள் மென்பொருள் ஓடும். பயம் போய்விடும், அப்புறம் நிதானமாக யோசிக்கலாம்.

இரண்டாவது துண்டு, மருந்து இருப்புக் கணக்கைத் திரையிலிருந்து பிரித்தெடுப்பது. பிரிப்பதற்கு முன்னால் சோதனைகள் எழுதுங்கள். ஏதாவது இரண்டு மருத்துவமனைகளின் ஒரு மாதத்துப் பில்களை, நோயாளிப் பெயர்களை நீக்கிவிட்டு, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழையதும் புதியதும் அந்த ஒரு மாதத்துக்குப் பைசா பிசகாமல் ஒரே இருப்பைக் காட்ட வேண்டும். எங்கே வேறுபடுகிறதோ அங்கே ஒரு போன் ஒளிந்திருக்கிறது.

வெப் அப்ளிகேஷன் அதற்குப் பிறகு, அதுவும் எந்தத் திரைக்குத் தேவையோ அதற்கு மட்டும். செய்தாலும் அதே மருத்துவமனையின் கம்ப்யூட்டரிலேயே ஓடட்டும். 23 இடங்களின் நோயாளி விவரத்தை நீங்கள் வாடகைக்கு எடுத்த ஒரு சர்வரில் கொண்டுவந்து வைத்தால், அதைப் பாதுகாக்கும் பொறுப்பு உங்கள் தலையிலும் ஏறும். தனி ஆளாக அதைச் சுமக்க வேண்டாம்.

இன்னொன்றையும் நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதை எழுதாமலே இருக்க முடியுமா? சத்தீஸ்கரின் கனியாரி கிராமத்து மருத்துவமனையில் முதலில் நிறுவி வளர்த்த பாம்னி என்ற கட்டற்ற மருத்துவமனை மென்பொருள் இருக்கிறது. நோயாளிப் பதிவுக்கான ஓபன்எம்ஆர்எஸ், கணக்கு, இருப்புக்கான ஓடூ, ஆய்வகத்துக்கான ஓபன்எலிஸ் மூன்றையும் சேர்த்துக் கட்டியது. உங்கள் 23-இல் படுக்கை வசதியும் ஆய்வகமும் உள்ள பெரிய இடம் ஏதாவது இருந்தால், அவர்களுக்கு அது பொருந்தலாம். ஒற்றைக் கம்ப்யூட்டரில், ஒரு டாக்டரும் ஒரு மருந்தாளுநரும் ஓட்டும் இடங்களுக்கு அது பாரம். அப்படிப்பட்ட இடங்களுக்காகத்தான் உங்களுடையது இருக்கிறது என்று தெளிவாகத் தெரிந்தால், நிதி கேட்கும்போதும் அதையே சொல்லலாம்.

இனி பணம்.

பொது நிதி திரட்டலைப் பற்றி முதலில் சொல்கிறேன். ரவுண்ட்கியூப் என்ற வெப்மெயில் மென்பொருளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் அதைத்தான் தருகின்றன. 2015-இல் அதை முழுக்கப் புதிதாக எழுத 'ரவுண்ட்கியூப் நெக்ஸ்ட்' என்று இண்டிகோகோ என்ற பொது நிதி திரட்டும் தளத்தில் நிதி திரட்டினார்கள். இலக்கு 80,000 டாலர். ஒரு லட்சத்துக்கு மேல் வந்தது. ஆனால் புதியது பயனர் கைக்கு வரவே இல்லை. பழைய ரவுண்ட்கியூப் மட்டும் தொடர்ந்து ரிலீஸ் ஆகிக்கொண்டிருந்தது, இன்றும் ஆகிறது. 2023-இல் நெக்ஸ்ட்கிளவுட் நிறுவனம் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. எட்டு வருஷம் கழித்தும் ஒரு நிறுவனம் மதித்து எடுத்துக்கொண்டது பழைய நிரலைத்தான்.

ஓபன்ஷாட் வீடியோ எடிட்டர் கதை வேறு மாதிரி. 2013-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற அதே மாதிரித் தளத்தில் 20,000 டாலர் கேட்டார்கள், 45,000 வந்தது. அந்த 2.0 பொதுமக்கள் கைக்குக் கிடைத்தது 2016 தொடக்கத்தில். கிடைத்தது, அது பெரிய விஷயம். ஆனால் அந்த இடைப்பட்ட வருஷங்களை நினைத்துப் பாருங்கள். வாக்குக் கொடுத்த தேதி போய்விட்டது, பணம் கொடுத்தவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், வந்த தொகை ஒரு புரோகிராமரின் ஓராண்டுச் சம்பளத்துக்குக்கூட அங்கே போதாது. கைக்குழந்தையோடு நீங்கள் அந்த நிலையில் இருப்பதை நான் விரும்பவில்லை.

எனக்குப் பிடித்த உதாரணம் முப்பரிமாணப் படம் உருவாக்கும் பிளெண்டர் மென்பொருள். 2002-இல் கம்பெனி மூடிப்போனபோது ஏழு வாரத்தில் ஒரு லட்சம் யூரோ திரட்டி நிரலை மீட்டார்கள். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். நான் கவனிக்கச் சொல்வது அதற்குப் பின்னால் அவர்கள் செய்ததை. 2.8 என்ற பெரிய மாற்றத்துக்காக 2018-இல் ஆம்ஸ்டர்டாமுக்குப் புரோகிராமர்களை மூன்று மாதம் வரவழைத்து உட்காரவைத்தார்கள். ராக்கெட் வடிவத்தில் யூஎஸ்பி டிரைவ் விற்று அந்தச் செலவைச் சமாளித்தார்கள். 2.80 வெளிவந்தது 2019 ஜூலையில். இந்த ஒருமுறைத் திரட்டல்களுக்கு அடியில் வளர்ச்சி நிதி என்று ஒன்று மாதா மாதம் ஓடிக்கொண்டிருந்தது. சிறு சிறு தொகையாகப் பல பேர். அந்த மாதாந்திரப் பணம்தான் ஆட்களைச் சம்பளத்தில் வைத்திருக்கிறது.

உங்களுக்கு அந்த மாதாந்திரப் பணம் எங்கிருந்து வரும்? 23 மருத்துவமனைகளிடமிருந்துதான். 'அவர்களே தர்மத்துக்கு நடத்துகிறார்கள், அவர்களிடம் போய் எப்படிக் கேட்பது' என்று நீங்கள் தயங்குவது எனக்குக் கேட்கிறது. தம்பி, அவர்கள் ஜெனரேட்டருக்கு ஏ.எம்.சி. (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) கட்டுகிறார்கள். ஈ.சி.ஜி. மிஷினுக்குக் கட்டுகிறார்கள். ஆர்.ஓ. வாட்டருக்குக்கூடக் கட்டுகிறார்கள். உங்கள் மென்பொருள் நின்றால் காலை ஓ.பி. நின்றுவிடும், அதற்கு மட்டும் ஒன்றும் கட்டுவதில்லை, காரணம் நீங்கள் கேட்டதே இல்லை. மாதம் 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 23 இடமும் கொடுத்தால் வருஷத்துக்கு 1,38,000. எல்லோரும் கொடுக்கமாட்டார்கள். 15 இடம் கொடுத்தால் 90,000. இதில் ஒரு குடும்பம் நடக்காது, உண்மை. ஆனால் ஒரு பகுதிநேர ஆளை, போனில் பதில் சொல்லி பேக்கப் எடுத்துப் பார்க்கும் ஒருவரை, இதில் வைத்துக்கொள்ளலாம். உங்கள் இரவுகள் திரும்பக் கிடைக்கும்.

கேட்கும் விதம் முக்கியம். நன்கொடை என்று கேட்காதீர்கள். பராமரிப்புக் கட்டணம் என்று கேட்டு, பில் கொடுங்கள். அறக்கட்டளையின் கணக்காளருக்குப் பில் இருந்தால்தான் செலவு எழுத முடியும். அவர்கள் டி.டி.எஸ். பிடித்தால் பதறாதீர்கள், வருமான வரிக் கணக்கில் அது உங்களுக்கு வரவாகும். என்ன கிடைக்கும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: எத்தனை மணி நேரத்துக்குள் போனுக்குப் பதில், வருஷத்துக்கு எத்தனை ரிலீஸ், பேக்கப் சரியாக வருகிறதா என்று மாதம் ஒருமுறை சோதனை. கொடுக்க முடியாத இடத்துக்கு மென்பொருள் எப்போதும் போல இலவசம் என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். அதை எழுதினால்தான் உங்களுக்கும் மனது நிம்மதியாக இருக்கும், கொடுக்கிறவர்களுக்கும் எதற்குக் கொடுக்கிறோம் என்று புரியும்.

நூலகங்கள் பயன்படுத்தும் கோஹா என்ற கட்டற்ற மென்பொருள் இப்படித்தான் நிற்கிறது. நியூசிலாந்தில் ஹொரொஹெனுவா நூலக அறக்கட்டளை 1999-இல் தன் தேவைக்காக எழுதச் சொன்னது அது. 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. அன்றிலிருந்து ஏதாவது ஒரு நூலகத்துக்கு ஒரு வசதி வேண்டுமென்றால் அந்த நூலகம் பணம் கொடுக்கும், எழுதியது எல்லோருக்கும் கிடைக்கும். தமிழ்நாட்டுக் கல்லூரி நூலகங்கள் பலவற்றில் இன்று அதுதான் ஓடுகிறது. உங்கள் 23-இலும் வசதியான இரண்டு மூன்று இடங்கள் இருக்கும். காலாவதி மருந்து அறிக்கை வேண்டும், பார்கோடு வேண்டும் என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அதற்கு விலை சொல்லுங்கள். 25,000 என்று சொன்னால் இரண்டு பேர் சேர்ந்து கொடுப்பார்கள்.

இந்த அடித்தளம் வந்த பிறகு வெளி நிதிக்குப் போகலாம். இங்கேயே ஃபாஸ் யுனைடெட் அமைப்பு இந்தியக் கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்குச் சிறு நிதி தருகிறது, அதற்கு எழுதிப் பாருங்கள். ஜெரோதா என்ற பங்குத் தரகு நிறுவனம் 2024 அக்டோபரில் ஃப்ளாஸ்/ஃபண்ட் என்று ஒன்றை அறிவித்தது. வருஷத்துக்கு 10 லட்சம் டாலர், ஒரு திட்டத்துக்கு 10,000 முதல் ஒரு லட்சம் டாலர்வரை. ஆனால் அவர்கள் தேடுவது ஏற்கெனவே பரவலாகப் பயன்பாட்டில் உள்ள, பலரும் சார்ந்திருக்கும் மென்பொருள்களை. 23 இடத்தை வைத்து அங்கே வாய்ப்புக் குறைவு என்பதால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். நெதர்லாந்தின் என்எல்நெட் அறக்கட்டளையிடமிருந்து பணம் எதிர்பார்ப்பதைவிட அவர்கள் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். வேலையைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை எழுதி, கட்டம் முடிந்த பிறகுதான் அந்தத் தொகையைக் கொடுப்பார்கள். உங்கள் 12 லட்சத்தையும் அப்படியே உடையுங்கள். 'பைதான் 3-க்கு மாற்றம், ஒன்றரை லட்சம், முடிந்ததற்கு அடையாளம்: மூன்று மருத்துவமனைகளில் ஒரு மாதம் ஓடியிருக்க வேண்டும்' என்று எழுதிப் பாருங்கள். கொடுப்பவருக்கு நம்பிக்கை வரும். அதைவிட முக்கியம், நடுவில் நின்றாலும் அதுவரை முடிந்தது மருத்துவமனைகளிடம் இருக்கும்.

கனடாப் பணத்தில் கவனமாக இருங்கள். இதற்காக இங்கே ஒரு டிரஸ்ட் பதிவு செய்து, அதன் கணக்குக்கு அங்கிருந்து பணம் அனுப்பச் சொன்னால், அது 2010-இன் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வந்துவிடும். அந்தப் பதிவைப் பெற டிரஸ்ட் மூன்று வருஷம் பழையதாக இருக்க வேண்டும், அந்தக் காலத்தில் 15 லட்சம் செலவு செய்திருக்க வேண்டும். உங்களால் இப்போது முடியாது. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் இருப்பவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. உங்கள் நண்பர் இந்திய பாஸ்போர்ட்டிலேயே இருக்கிறார் என்றால் அவர் தன் பணத்தைத் தரலாம். கனடாக் குடிமக்களிடம் அவர் வசூல் செய்து அனுப்புவது வேறு விஷயம். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று நீங்கள் செய்யும் வேலைக்குக் கட்டணமாகத் தருவது தொழில் வருமானம், அதற்கு வழி இருக்கிறது. எதுவானாலும் முதல் டாலர் வருவதற்கு முன்னால் ஒரு ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். நண்பரிடம், அங்கே வசூலுக்கு அலைவதற்குப் பதில் வாரம் மூன்று மணி நேரம் சோதனைகள் எழுதித் தரச் சொல்லுங்கள். அவருக்கு அந்த நிரல் தெரியும், அந்த மூன்று மணி நேரம் விலை அதிகமானது.

ஆட்கள் விஷயத்தையும் அதோடு பாருங்கள். இப்போது நீங்கள் காய்ச்சலில் படுத்தால் 23 இடத்துக்கும் பதில் சொல்ல ஆளில்லை. விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமப்புற மாணவர்களுக்குப் பல வருஷமாக இலவசமாகக் கணினி கற்றுத்தருகிறார்கள். காஞ்சிபுரத்திலும் சென்னையிலும் இத்தகைய குழுக்கள் கூடிப் பேசுகின்றன. ஒரு கூட்டத்துக்குப் போய் உங்கள் மென்பொருளை ஓட்டிக் காட்டுங்கள். 'வந்து உதவுங்கள்' என்று பொதுவாகச் சொல்லாமல், ஒரு நாளில் முடியக்கூடிய பத்து வேலைகளைத் தாளில் எழுதி எடுத்துப் போங்கள். ஏ.எம்.சி. பணத்தில் அந்தப் பகுதிநேர ஆளை அங்கிருந்தே எடுங்கள். உங்களைத் தவிர இன்னொருவருக்கு ரிலீஸ் போடத் தெரியும் என்ற நிலை வரும்வரை புதிய வசதி எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஒருவேளை பத்து இடம்கூடக் கட்டணத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால்? அப்போது புதிதாக எழுதும் திட்டத்தை நிறுத்திவிடுங்கள். பைதான் 3 மாற்றத்தை மட்டும் முடித்துவிட்டு, இரண்டு வருஷத்தில் ஆதரவை நிறுத்துவதாகத் தேதி போட்டு எல்லோருக்கும் கடிதம் எழுதுங்கள். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. 14 வருஷத்துக்கு மேல் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், அந்தச் சீட்டுகளில் பார்த்த நோயாளிகள் எத்தனை ஆயிரம் பேரோ. ஆனால் தேதி போட்டு நிறுத்துவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அவர்கள் விவரம் அவர்கள் கையில் இருக்க வேண்டும். நோயாளிப் பதிவு, மருந்து இருப்பு, பில் மூன்றையும் லிப்ரே ஆபிஸில் திறக்கும்படி சாதாரண அட்டவணையாக வெளியே எடுக்கும் ஒரு பொத்தான் உங்கள் மென்பொருளில் இருக்கிறதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. இல்லையென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால், இந்த மாதமே, பழைய பைதான் 2-இலேயே அதை எழுதி 23 இடத்துக்கும் அனுப்புங்கள். நீங்கள் தொடர்ந்தாலும் நிறுத்தினாலும் அது தேவைப்படும். அதை நிறுவிக் கொடுக்கப் போன் பண்ணும்போதே மாதம் 500 பற்றியும் பேச்செடுங்கள். எத்தனை பேர் சரி என்றார்கள் என்பதை எனக்கு எழுதுங்கள், அடுத்த கணக்கை அதை வைத்துப் போடுவோம்.

அன்புடன்,
அக்கா